உங்களுக்குத் தெரியுமா? பாதி நாள் ஸ்பானிஷ், பாதி நாள் ஆங்கிலம்!

கியூபப் புரட்சிக்குப் பின் ஆயிரக்கணக்கான அகதிக் குடும்பங்கள் அமெரிக்காவின் மயாமி நகரில் வந்து இறங்கின. அங்குள்ள கோரல் வே அரசுத் தொடக்கப் பள்ளி, 1963-இல் துணிச்சலான ஒரு முடிவெடுத்தது. வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தந்ததோடு நில்லாமல், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கும் ஸ்பானிஷ் வழியில் பாடம் நடத்தியது. பாதி நாள் ஒரு மொழி, மீதி நாள் மற்றொன்று. அகதியின் தாய்மொழிக்குப் பள்ளியில் சம மரியாதை கிடைத்ததுதான் இதில் பெரிய விஷயம். ஃபோர்டு அறக்கட்டளை நிதி உதவியது.

இத்தகைய இருமொழிக் கல்வியில் இன்று 90:10 என்றொரு முறையும் உண்டு. மழலையர் வகுப்பில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்பானிஷில் நடக்கும். வகுப்பு ஏற ஏற ஆங்கிலம் கூடி, தொடக்கப் பள்ளி முடிவதற்குள் சரிபாதியாகும். கணக்கு, அறிவியல் போன்ற பாடங்களும் ஸ்பானிஷில் நடக்கும்!

‘அப்படியானால் ஆங்கிலம் பின்தங்கிவிடாதா?’ பெற்றோரின் நியாயமான கவலை இது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர அரசுப் பள்ளிகளில் இத்தகைய இருமொழி வகுப்புகளுக்குக் குலுக்கல் முறையில் இடம் தருகிறார்கள். இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். எட்டாம் வகுப்பில், இடம் கிடைத்தவர்கள் ஆங்கில வாசிப்பிலேயே சுமார் 9 மாதப் படிப்பு அளவுக்கு முன்னே இருந்தார்கள்!

இந்த ஆய்வுக்கு முன், கலிபோர்னியா மாநிலம் 1998-இல் வாக்கெடுப்பு நடத்தி இருமொழிக் கல்வியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2016-இல் இன்னொரு வாக்கெடுப்பில் அதே மாநில மக்கள் அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கினார்கள்.