இசைத்தட்டு சேர்ப்பவர்கள் பில்லையும் சேர்க்க வேண்டும்

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கரணையிலிருந்து ரேடியல் ரோடு பிடித்துப் பல்லாவரம் சந்தைக்குப் போனால், பழைய சைக்கிளுக்கும் மிக்ஸிக்கும் நடுவே எல்.பி. ரெக்கார்டும் கண்ணில் படும். பெரும்பாலும் எச்.எம்.வி. தமிழ்ப் படப்பாட்டு, அதிர்ஷ்டம் இருந்தால் கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான மேல்நாட்டுத் தட்டு. மடி வாட்டர்ஸ், பி.பி. கிங் என்று ப்ளூஸ் தேடுகிறவர்கள் கடைசியில் ஆன்லைனுக்குத்தான் வந்து சேர்கிறார்கள். பணம் ஆயிரக்கணக்கில் கைமாறுவதும் அங்கேதான்.

‘ஒரிஜினல் முதல் பதிப்பு’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பான வளையம் ஒன்று இருக்கும். ஊசியால் கீறியதுபோல அதில் எண்ணும் எழுத்தும் தெரியும். அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம். 1960களின் பதிப்பு என்று சொல்லும் உறையில் பார்கோடு இருந்தால் அது பின்னால் வந்த மறுபதிப்பு. பார்சலைப் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுத்துவிடுங்கள்.

வியாபாரி ஏமாற்றினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். தீராவிட்டால், விற்றவர் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் மறுவிற்பனைக்காக வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதாது. தன் வீட்டுத் தட்டை விற்கும் தனிநபர்மேல் இந்த வழியில் போவதும் கஷ்டம். பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் கதை வேறு: உடனே 1930, சைபர் குற்றப் புகார். சந்தையில் பில் கேட்டால் சிரிப்பார்கள். யுபிஐ-யில் கொடுத்தால் தடயமாவது மிஞ்சும்.

நம் பள்ளிக்கரணைப் பகுதியில் பெரிய ஆபத்து தண்ணீர்தான். சதுப்புநிலத்தை ஒட்டிய ஊர். 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு மறக்காது. அப்படியிருந்தும் ரெக்கார்டை ஷெல்பின் கீழ்த்தட்டில் அடுக்குகிறோம்! வினைல் நனைந்தால் தப்பிக்கும், அட்டைதான் பூஞ்சை பிடித்து வீணாகும். பழைய ரெக்கார்டுக்கு அட்டை போனால் பாதி விலை போன மாதிரி. நனைந்ததும் தட்டை உறையிலிருந்து எடுத்து, சுத்தமான தண்ணீரில் அலசி, நிழலில் நிமிர்த்திக் காய வையுங்கள். 78 ஆர்.பி.எம். அரக்குத் தட்டாக இருந்தால் ஸ்பிரிட் பக்கமே கொண்டுபோகாதீர்கள், கரைந்துவிடும்.

அலசுவதற்கு முன் சேற்றோடு சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஊறிப்போன அட்டையைக்கூடக் குப்பையில் போடாதீர்கள். 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும். அதில் கட்டில், பீரோ, டி.வி. போன்றவை பொதுவான வீட்டுப் பொருட்கள். கலைப்பொருள், அரும்பொருள் மாதிரியான விலையுயர்ந்தவற்றுக்குத் தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுக்க வேண்டும். உங்கள் தட்டுகள் இதில் எந்த வகை என்பதை பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டியலும் விலை ரசீதும் மொபைலோடு நிற்காமல் மெயிலிலும் இருக்கட்டும். வெள்ளத்தில் மொபைலும் போகலாம்.

க்ளெய்மை நிராகரித்தால் கம்பெனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.