குப்பைக் கோபுரங்களுக்கிடையே ஓர் எந்திரன்

பிக்சார் நிறுவனத்தின் தயாரிப்பில் ஆண்ட்ரூ ஸ்டாண்டன் இயக்கி 2008ஆம் ஆண்டு வெளிவந்த ‘வால்-ஈ’ என்னும் அசைவூட்டப் படம், அதாவது கணினியில் வரைந்த உருவங்களுக்கு அசைவு கொடுத்து உருவாக்கிய படம், மனிதர் கைவிட்டுப்போன பூமியில் எழுநூறு ஆண்டுகளாகக் குப்பை அள்ளும் ஒரு சிறு எந்திரனின் கதையைச் சொல்கிறது. ஏறத்தாழ முதல் அரைமணி நேரம் பேச்சுக்கு அதிக இடமில்லை. வெறிச்சோடிய நகரமும் புழுதிக் காற்றும் ஒரு கரப்பான்பூச்சியின் துணையுமே கதையை நடத்திச் செல்கின்றன.

அந்த எந்திரன் குப்பையைத் தன் வயிற்றுக்குள் திணித்துக் கனசதுரக் கட்டிகளாக அழுத்தி, வானளாவிய கட்டடங்களுக்கு நிகரான கோபுரங்களாக அடுக்குகிறது. இத்தனை உழைப்புக்குப் பின்னும் குப்பை அழியவில்லை, அதன் வடிவமே மாறியிருக்கிறது என்பதுதான் படத்தின் கூர்மையான அவதானிப்பு. இது கற்பனை உலகுக்கு மட்டும் உரியதன்று: 1950 முதல் 2015 வரை உலகில் உற்பத்தியான ஏறத்தாழ 830 கோடி டன் பிளாஸ்டிக்கில் 630 கோடி டன் கழிவாகிவிட்டதென்றும், அக்கழிவில் 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சிக்கு, அதாவது மீண்டும் மூலப்பொருளாக்கும் வழிக்குச் சென்றதென்றும் 2017இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது.

படத்தில் பண்டங்களை விற்றதும், குப்பையை அள்ள எந்திரங்களை அனுப்பியதும், மனிதரை விண்கலத்தில் ஏற்றிச் சென்றதும் ‘பை என் லார்ஜ்’ என்ற ஒரே கற்பனை நிறுவனம்தான். ஐந்தாண்டில் திரும்பலாம் என்று புறப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், மிதக்கும் நாற்காலிகளில் சாய்ந்தபடி, குடித்த கோப்பையை எறிவதைத் தவிர வேறு வேலையறியாதவர்களாக இருக்கிறார்கள். நுகர்வைக் குறைக்காமல் துப்புரவை மட்டும் பெருக்கும் எந்த ஏற்பாடும் தோற்றே தீரும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

ஆயினும் படத்தின் உயிர் கண்டனத்தில் இல்லை. வைர மோதிரத்தை வீசிவிட்டு அதன் பெட்டியை ஆசையோடு வைத்துக்கொள்ளும் வால்-ஈ, எதைப் பேணுவது, எதை எறிவது என்று தானே தேர்ந்தெடுக்கிறது. பழைய காலணியொன்றில் மண்ணோடு ஏந்திவந்த நாற்றையும் அவ்வாறே காக்கிறது. வால்-ஈயின் கையிலிருந்து ஒட்டிய மண்ணைத் தொட்ட பின்னரே விண்கலத் தலைவர் பூமியைப் பற்றிக் கேட்கத் தொடங்குகிறார்.

2009இல் ஆஸ்கார் விருது பெற்ற இப்படத்தைப் பிள்ளைகளோடு பார்ப்போர், இறுதியில் பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடக் கூடாது. திரும்பிவந்த மனிதரும் எந்திரன்களும் சேர்ந்து பயிரிடுவதும் மீன் பிடிப்பதும், குகை ஓவியம் தொடங்கிப் பல காலத்து ஓவியப் பாணிகளில் அங்கேதான் தீட்டப்பட்டிருக்கின்றன.