நம்ம கம்ப்யூட்டருக்கும் காவல் வேணும்!



நம்ம கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கு? ஒவ்வொரு குழுவோட சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை என எல்லாக் கணக்கும் அதுக்குள்ளேதான். பணப்பெட்டிக்குப் பூட்டு போடுற நாம, இதுக்குக் காவல் போட வேண்டாமா?

வைரஸ் என்பது உயிருள்ள கிருமி இல்லை. கெடுதல் செய்வதற்கென்றே யாரோ எழுதிய புரோகிராம். பெரும்பாலும் நாம திறந்துவிடும் கதவு வழியாகத்தான் அது உள்ளே வருது.

2000ஆம் ஆண்டு மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஓர் ஈமெயில் உலகமெங்கும் பரவியது. இணைப்பில் காதல் கடிதம் இருப்பதாக நினைத்துப் பலர் திறந்தார்கள். கம்ப்யூட்டரில் இருந்த படங்கள் அழிந்தன. அதோடு விட்டதா? அவங்க முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும், அவங்க பெயரிலேயே அந்த ஈமெயில் போனது. ஆக, தெரிஞ்சவங்க பெயரில் வந்ததை நம்பித்தான் பலரும் ஏமாந்தார்கள்.

2017 மே மாதம் வந்த 'வானாக்ரை' யாரும் திறக்காமலே நுழைந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. இதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. அதைப் போட்டிருந்த கம்ப்யூட்டர்கள் தப்பித்தன.

அதனால் நாம செய்ய வேண்டியவை:

1. எதிர்பார்க்காத இணைப்பு வந்தால், அனுப்பியவரிடம் போன் போட்டுக் கேளுங்க. பிறகு திறக்கலாம்.

2. அப்டேட் கேட்டால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளாதீங்க. வைரஸ் தடுப்பு புரோகிராமை நிறுத்தி வைக்காதீங்க.

3. வெளியிலிருந்து வரும் பென் டிரைவை ஸ்கேன் செய்த பிறகே திறங்க.

4. வங்கியிலிருந்து வந்த மாதிரி ஈமெயில் வந்து பாஸ்வேர்டு, ஓ.டி.பி. கேட்டால் கொடுக்கவே கூடாது. எந்த வங்கியும் அப்படிக் கேட்காது.

5. வாரம் ஒருமுறை கணக்கைத் தனி பென் டிரைவில் நகல் எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்க. மாட்டியே வைத்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

இதையும் மீறிப் பணம் போய்விட்டால் பயந்து மறைக்காதீங்க. உடனே 1930 என்ற எண்ணுக்கும், நம்ம வங்கிக்கும் சொல்லுங்க. சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வழியுண்டு.

தீர்மான நோட்டில் என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பார்க்காம நாம கையெழுத்து போடுறதில்லை. கம்ப்யூட்டரில் க்ளிக் பண்ணுறதும் கையெழுத்து மாதிரிதான். படிச்சுப் பார்த்துப் பண்ணுவோம்!