மின் ஓவன் மெதுவாகச் சூடாதல்

மின் ஓவன் மெதுவாகச் சூடாதல் என்பது, ஓவன் இயங்கிக்கொண்டிருந்தும் குறித்த வெப்பநிலையை எட்ட வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும் பழுதாகும். ஓவன் இலங்கைத் தமிழில் போறணை எனப்படும். இது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். முற்றிலும் இயங்காத ஓவனைவிட இத்தகைய ஓவனின் பழுதைக் கண்டறிவது கடினம். ஏனெனில் விளக்கு எரியும், கம்பி சிவக்கும். கேக் மட்டும் நடுவில் வேகாது. காரணங்களை மூன்றாக வகுக்கலாம்: மின்திறன் குறைதல், வெப்பம் வெளியேறுதல், கட்டுப்பாட்டுக் கருவி பிழையாக இயங்குதல்.

இயங்கும் முறை

ஓவனின் மேலும் கீழும் சூடேற்றும் கம்பிகள் உள்ளன. இவை நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்குரோம் கம்பிச் சுருள்களாகும். இவ்வகைக் கலப்புலோகத்துக்கு ஆல்பர்ட் மார்ஷ் 1906 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பல ஓவன்களில் இச்சுருள் உலோகக் குழாயினுள் மக்னீசியம் ஆக்சைடுத் தூளால் சூழப்பட்டிருக்கும். குறித்த வெப்பநிலை எட்டியதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கும்; குறைந்ததும் மீண்டும் இணைக்கும்.

கம்பியில் உண்டாகும் வெப்பத்தின் அளவைப் பின்வரும் சமன்பாடு தரும்:

திறன் = மின்னழுத்தம்² ÷ மின்தடை

காரணங்கள்

* ஒரு கம்பி மட்டும் இயங்குதல்: தலா 1000 வாட் கொண்ட இரு கம்பிகளில் ஒன்று அறுந்தால் திறன் பாதியாகும். ஆனால் சூடாகும் நேரம் இரு மடங்கைவிட அதிகமாகும். உள்வெப்பநிலை உயர உயரச் சுவர் வழியாக வெளியேறும் வெப்பமும் உயர்வதே இதற்குக் காரணம். உயர் வெப்பநிலைகளை ஓவன் எட்டாமலே போகலாம்.
* தாழ் மின்னழுத்தம்: 230 வோல்ட் 184 வோல்ட்டாக, அதாவது 20% குறைந்தால், திறன் 36% குறையும். 2000 வாட் ஓவன் 1280 வாட் ஓவனாகிவிடும். இங்கு ஓவனில் பழுதேதும் இல்லை.
* ஒரு முனை மின்சாரம் இல்லாமை: வட அமெரிக்காவில் பெரிய ஓவன்கள் இரு 120 வோல்ட் முனைகளுக்கு இடையே 240 வோல்ட்டில் இயங்குகின்றன. ஒரு முனை துண்டிக்கப்பட்டாலும் 120 வோல்ட்டில் இயங்கும் விளக்கும் கடிகாரமும் இயங்கக்கூடும். கம்பிகள் சூடாகா, அல்லது மிகக் குறைவாகவே சூடாகும்.
* வெப்பம் கசிதல்: கதவின் ஓரத்திலுள்ள அடைப்புப் பட்டை கிழிதல், கீல் தளர்தல், கதவை அடிக்கடி திறத்தல்.
* உணரிப் பிழை: பிளாட்டினம் 1000 வகை உணரி 0 °செ இல் 1000 ஓம், 25 °செ இல் ஏறத்தாழ 1097 ஓம் காட்டும். இதைவிட அதிகமாகக் காட்டினால், ஓவன் உண்மையில் உள்ளதைவிடச் சூடாக இருப்பதாகக் கட்டுப்பாட்டுப் பலகை கருதி மின்சாரத்தை முன்னதாகவே துண்டிக்கும்.

சோதிக்கும் முறை

எளியவற்றை முதலிலும் கழற்ற வேண்டியவற்றை இறுதியிலும் சோதித்தல் நன்று.

1. தேர்வுக் குமிழ் மேல், கீழ் ஆகிய இரு கம்பிகளும் இயங்கும் நிலையில் உள்ளதா எனப் பார்க்கவேண்டும். ஒரு கம்பியில் மட்டும் வைத்துவிட்டுப் பழுது என எண்ணுவது உண்டு.
2. ஓவன் வெப்பமானியை நடுத்தட்டில் வைத்து, 180 °செ எட்டும் நேரத்தைக் குறிக்கவேண்டும். விரைவாகச் சூடாகி, குறைந்த வெப்பநிலையிலேயே நின்றுவிட்டால், பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டோ உணரியோ பிழை. தொடர்ந்து மெதுவாக ஏறினால் திறன் குறைவு அல்லது வெப்பக் கசிவு.
3. கதவு ஓரத்தில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தாள் எளிதில் உருவி வந்தால் அங்கு அடைப்பு சரியில்லை.
4. ஓவனை அணைத்து, ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றிய பின், கம்பியின் ஒரு முனை இணைப்பை விடுவித்து மல்டிமீட்டரால் மின்தடையை அளக்கவேண்டும். 230 வோல்ட்டில் 1000 வாட் கம்பிக்கு ஏறத்தாழ 53 ஓம் வரவேண்டும். அளவே காட்டாவிட்டால் கம்பி அறுந்துள்ளது.

பாதுகாப்பு

தளர்ந்த இணைப்பைத் தனியே குறிப்பிடவேண்டும். 2000 வாட் ஓவன் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். பிளக்கில் 0.5 ஓம் தடை ஏற்பட்டால், ஓவனின் திறன் ஏறத்தாழ 4% மட்டுமே குறையும்; சூடாவதில் வேறுபாடு தெரியாது. ஆனால் அந்தச் சிறு இடத்தில் 36 வாட் வெப்பம் உண்டாகும். இது 25 வாட் சால்டரிங் அயனைவிட அதிகம். எனவே ஓவன் நன்றாகச் சூடாவது இணைப்பு நன்றாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. பிளக் கைபொறுக்காத அளவு சூடானாலோ, நிறம் மாறினாலோ உடனே நிறுத்தவேண்டும். இந்தியாவில் இத்தகைய ஓவனை 6 ஆம்பியர் சாக்கெட்டில் இணைக்காமல் 16 ஆம்பியர் சாக்கெட்டிலேயே இணைக்கவேண்டும்.

சுவரில் நிலையாகப் பொருத்தப்பட்ட ஓவனின் மின்னிணைப்பையும், மின்சாரம் உள்ள நிலையில் செய்யவேண்டிய எந்தச் சோதனையையும் தகுதிபெற்ற மின்பணியாளரிடமே விடுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஓமின் விதி
* நிக்குரோம்
* மின்தடை