சாய்ஸ் லிஸ்ட்டில் எதை முதலில் வைப்பது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, இன்ஜினியரிங் ரேங்க் லிஸ்ட்டும் வெளியாகிவிட்டால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓய்வே கிடையாது. 2017 வரை தமிழ்நாட்டில் பொதுப்பிரிவு கவுன்சிலிங்குக்கு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் செல்ல வேண்டும். காலியிடங்களைத் திரையில் பார்த்து அங்கேயே தேர்ந்தெடுக்க வேண்டும். 2018-ல் இது ஆன்லைனுக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது. இப்போது நீங்கள் விருப்பங்களை வரிசையாகக் கொடுத்துவிட வேண்டும். அதில் எந்த இடம் உங்களுக்கு என்பதை சாஃப்ட்வேர் முடிவு செய்யும்.

சாஃப்ட்வேர் துறையில் இருப்பதால் உறவினர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் லிஸ்ட் ஆண்டுதோறும் என் பார்வைக்கு வருகிறது. பெரும்பாலான லிஸ்ட்களில் ஒரே தவறுதான். பிடித்த கல்லூரி கீழே இருக்கும், 'கிடைத்துவிடும்' என்று நினைக்கும் கல்லூரி மேலே இருக்கும்.

சாஃப்ட்வேர் எப்படி வேலை செய்கிறது?

முதலில் கட்-ஆஃப். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200. கணிதத்தில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 94 எடுத்தவருக்கு 96 + 45 + 47 = 188. இதை வைத்து ரேங்க் போடப்படுகிறது. ரேங்க் அடிப்படையில் மாணவர்களைச் சில சுற்றுகளாகப் பிரித்து அழைக்கிறார்கள்.

சாய்ஸ் கொடுக்கும் நேரம் முடிந்ததும், சாஃப்ட்வேர் சிறந்த ரேங்க்கில் இருந்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கிறது. ஒருவரின் லிஸ்ட்டை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. பொது இடமோ, அவருடைய இனத்துக்கான இட ஒதுக்கீட்டு இடமோ காலியாக உள்ள முதல் சாய்ஸைக் கொடுத்துவிட்டு, அடுத்த ரேங்க்குக்குப் போகிறது.

ஓர் உதாரணம். உங்கள் ரேங்க் 8001 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குப் பிடித்தது ஏ கல்லூரி. 'அது எங்கே கிடைக்கப்போகிறது' என்று பி கல்லூரியை முதலில் போடுகிறீர்கள். உங்கள் முறை வரும்போது இரண்டிலும் ஓர் இடம் இருக்கிறது. சாஃப்ட்வேர் பி-யைக் கொடுத்துவிடும். அடுத்து வரும் 8002-ஆம் ரேங்க் மாணவர் ஏ கல்லூரியை எடுத்துச் செல்வார்.

இதையே மாற்றிப் பாருங்கள். ஏ முதலில், பி இரண்டாவது. ஏ நிரம்பியிருந்தால் சாஃப்ட்வேர் உடனே பி-யைப் பார்க்கும். 8002-இன் லிஸ்ட்டை அது இன்னும் தொடவே இல்லை. எனவே ஏ-யை முதலில் வைத்ததால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. எட்டாத கல்லூரி என்று தோன்றினாலும் தைரியமாக மேலே வைக்கலாம்.

அதேபோல், முதல் நிமிடத்திலேயே லாக் செய்தவருக்கு எந்த முன்னுரிமையும் கிடையாது. அவசரம் வேண்டாம்.

லிஸ்ட் தயாரிக்கும் முறை

சாய்ஸ் ஃபில்லிங்குக்குக் கிடைப்பது சில நாட்களே. அதற்கு முன்பே எக்செல்லில் ஒரு ஷீட் தயார் செய்துகொள்ளுங்கள். கல்லூரி கோடு, பிரிவு, கட்டணம், வீட்டில் இருந்து தூரம், முந்தைய ஆண்டின் கடைசி ரேங்க் என்று காலம்கள் இருக்கட்டும்.

* முந்தைய ஆண்டு மார்க்கை மட்டும் நம்பாதீர்கள். 2021-ல் பொதுத்தேர்வே நடக்காமல் மதிப்பெண் கணக்கிடப்பட்டது. அந்த ஆண்டு கட்-ஆஃபை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட முடியாது. ரேங்க்கை ஒப்பிடுவதே மேல்.

* பெயரை அல்ல, கோடைப் பாருங்கள். கோவை பி.எஸ்.ஜி. காலேஜ் ஆஃப் டெக்னாலஜியின் கோடு 2006. பி.எஸ்.ஜி. இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி அண்ட் அப்ளைடு ரிசர்ச் வேறு கல்லூரி. அதன் கோடு 2377.

* அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சில பிரிவுகளுக்குப் பக்கத்தில் 'எஸ்.எஸ்.' என்று இருக்கும். அது சுயநிதிப் பிரிவு. கட்டணம் கூடுதல்.

* எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பத்தோடு நிறுத்திக்கொண்டால், பத்தும் நிரம்பிவிட்டால் உங்களுக்கு எதுவும் கிடைக்காது. ஆனால் கிடைத்தாலும் சேரமாட்டோம் என்ற கல்லூரியை லிஸ்ட்டில் சேர்க்காதீர்கள்.

அலாட்மென்ட் வந்த பிறகு

தற்காலிக அலாட்மென்ட் வந்ததும் உங்கள் முடிவைக் கேட்பார்கள். கிடைத்த இடம் பிடித்திருந்தால் ஏற்றுக்கொண்டு சேரலாம். 'ஏற்கிறேன், மேலே கிடைத்தாலும் வேண்டும்' என்று தெரிவித்தால், மற்றவர்கள் விட்டுச்செல்லும் இடங்களில் உங்கள் லிஸ்ட்டில் அதற்கு மேலே உள்ளவை மட்டும் பார்க்கப்படும். மேல் இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் கையை விட்டுப் போய்விடும். பிடிக்காத ஒன்று மேலே இருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். இதற்காகவும் வரிசை சரியாக இருக்க வேண்டும். 'இந்த இடம் வேண்டாம், மேலே இருப்பது மட்டும் வேண்டும்' என்பதில் ரிஸ்க் அதிகம். மேலே கிடைக்காவிட்டால் கையில் இருந்ததும் இருக்காது.

ப்ரவுசிங் சென்டருக்குப் போய்ச் செய்வதாக இருந்தால் தயாரித்த லிஸ்ட்டைப் பிரின்ட் எடுத்துச் செல்லுங்கள். பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் நீங்களே டைப் செய்யுங்கள். உங்களுக்காக வேறு யாரும் லாக் செய்ய அனுமதிக்காதீர்கள். லாக் செய்வதற்கு முன் வீட்டில் ஒருவர் கோடுகளைச் சத்தமாகப் படிக்க, நீங்கள் திரையில் சரிபாருங்கள். அரை மணி நேர வேலைதான். ஆனால் படிக்கப்போவது நான்கு வருடம்.