பாட்டு எங்கே போயிற்று?

பின்னல் துணியில் பழுது கண்டால் எங்கள் ஊரார் முதலில் பார்ப்பது அதன் திசையைத்தான். நீளவாக்கில் நேர்கோடு ஓடினால் ஊசியில் குறை. குறுக்கே பட்டை பட்டையாகத் தெரிந்தால் பெரும்பாலும் நூலில் குறை. ஊசியின் குற்றத்திற்கு நூலை மாற்றுபவர் திருப்பூரில் தொழில் நடத்த முடியாது. இந்தப் பாடத்தை எனக்கு மறுமுறை கற்பித்தது, பாட்டுப் போடும் ஒரு கணிப்பொறி.

மாலையில் நான் செக்கிங் வேலைக்குச் செல்லும் சிறு பனியன் கம்பெனியில் நாள் முழுதும் பாட்டு ஒலிக்க வேண்டும். ஓவர்லாக் எந்திரங்களின் இரைச்சலுக்கிடையே அதுவே களைப்பாற்றும் மருந்து. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் அக்கா பெற்ற பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸை ஏற்றி, 'மியூசிக் பிளேயர் டீமன்' என்னும் மென்பொருளை அமைத்துக் கொடுத்திருந்தேன். பாட்டுகள் தனி வட்டு ஒன்றில் இருந்தன.

2003-ஆம் ஆண்டு வெளிவந்த இம்மென்பொருள் திரையில் தோன்றாமல் பின்னணியில் உழைப்பது. கைப்பேசி கட்டளை மட்டுமே இடும். வட்டிலிருந்து பாட்டை எடுத்து ஒலிபெருக்கிக்கு அனுப்புவது இதன் வேலை. ஒவ்வொரு முறையும் வட்டு முழுவதையும் தேடாதிருக்க, பாட்டுகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளும். குடோனில் சரக்கும் பேரேட்டில் கணக்கும் போல, பாட்டு வேறு, பட்டியல் வேறு. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன்.

கைமடிக்கும் அக்கா ஒருவரின் தந்தையார் வள்ளி கும்மி ஆசிரியராக வாழ்ந்து மறைந்தவர். கோயில் விழாக்களில் அவர் பாடியவற்றைப் பதிந்த பழைய ஒலிநாடாக்களை அக்கா என்னிடம் தந்தார். நைந்துபோன நாடாக்கள், ஒருமுறை ஓட்டியதிலேயே இரண்டு அறுந்துவிட்டன. அக்குரல் எஞ்சியிருந்தது அந்த வட்டில் மட்டுமே.

மறுநாள் மாலை நான் சென்றபோது கம்பெனி அமைதியாக இருந்தது. பகலில் மின்சாரம் போய் வந்ததாம். கும்மிப் பாட்டைக் கேட்கும் ஆவலில் ஒருவர் கைப்பேசியில் 'பட்டியலைப் புதுப்பி' என்பதை அழுத்தியிருக்கிறார். உடனே பட்டியல் முழுவதும் வெறுமையாயிற்று. மென்பொருள் எழுதிவைக்கும் நிகழ்ச்சிப் பதிவைத் திறந்தால், பாட்டு ஒவ்வொன்றின் பெயரோடும் 'நீக்கப்படுகிறது' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல் வரிசையாக நின்றது.

"எல்லாம் அழிஞ்சு போச்சு. வட்டைச் சுத்தமாத் துடைச்சுப்போட்டுப் புதுப்பாட்டு ஏத்திரு தம்பி" என்றார் முதலாளி. அக்கா மட்டும் மெல்ல, "அப்பன் குரலு போயிருச்சுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என் கையைத் தடுத்தது.

நோயை அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே தீர்க்கும் வழியில் இறங்க வேண்டும் என்பது வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்த முறை. அதன்படி கடைசியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்தேன். மடிக்கணினியிலேயே இருந்த வேறொரு பாட்டை ஓட்டினேன்; ஒலித்தது. ஆகவே ஒலிபெருக்கி குற்றமற்றது. கைப்பேசியால் மென்பொருளைத் தொடர்புகொள்ள முடிந்தது. ஆகவே இணைப்பும் சரி. எஞ்சியவை பட்டியலும் வட்டும். வட்டு லினக்ஸில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை! யாரோ செருகிய பென்டிரைவ் ஒன்று அதன் இடத்தைப் பிடித்திருந்தது.

குற்றவாளி நானே. வட்டை அமைக்கும்போது 'இரண்டாவது வட்டு' என்று வரிசைப் பெயரால் குறித்திருந்தேன். கணிப்பொறி மீண்டும் இயங்கத் தொடங்கும்போது அந்த வரிசை மாறக்கூடும். மாறியதால் பாட்டு இருக்க வேண்டிய இடம் வெற்றிடமாயிற்று. மென்பொருள் அங்கே ஒன்றும் காணாமல், பேரேட்டிலிருந்து பெயர்களை நீக்கியது. குடோனில் ஒரு மூட்டையையும் அது தொடவில்லை. 'நீக்கப்படுகிறது' என்ற சொல்லைச் சரியாகப் படித்திருந்தால் அச்சமே இல்லை; தவறாகப் படித்து வட்டைத் துடைத்திருந்தால் உண்மையாகவே எல்லாம் போயிருக்கும்.

வட்டை எழுத இயலாத, படிக்க மட்டுமே இயலும் முறையில் முதலில் இணைத்து, கும்மிப் பாட்டுகளை வேறொரு வட்டில் நகலெடுத்தேன். பிறகு வரிசைப் பெயரை நீக்கி, வட்டுக்கே உரிய மாறாத அடையாள எண்ணைக் குறித்தேன். வழக்கம்போல் இணைத்துப் பட்டியலைப் புதுப்பித்ததும் திரைப்பாடல்கள் யாவும் திரும்பின. கும்மி மட்டும் வரவில்லை!

மீண்டும் நிகழ்ச்சிப் பதிவு. இம்முறை 'அனுமதி மறுப்பு' என்றிருந்தது. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் உண்டு. அந்த மென்பொருள் தனக்கென ஒரு தனிப் பயனராக இயங்குவது. நானோ கும்மிப் பாட்டுகளை என் பெயரில், பிறர் படிக்க முடியாதபடி சேமித்திருந்தேன். படிக்கும் உரிமையைக் கொடுத்துப் புதுப்பித்தேன். ஒலிபெருக்கியில் கரகரப்போடு ஒரு முதிய குரல் எழுந்தது. அக்கா மடித்துக்கொண்டிருந்த பனியனைக் கீழே வைத்தார். தையலர் இருவர் எந்திரத்தை நிறுத்தினர். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

கட்டற்ற மென்பொருளுக்கென ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ஆம் ஆண்டு குனூ திட்டத்தை அறிவித்தார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அந்த உரிமையின் முழுப் பயனும் படிக்கத் துணிபவருக்கே கிடைக்கும். நான் மூலநிரலைத் தொடவில்லை. பதிவின் சில வரிகளைப் பொறுமையாகப் படித்தேன், அவ்வளவே.

மாணவ நண்பர்களே, பழுது பார்க்க அமரும்போது மூன்றை மறவாதீர்கள். அழிப்பதற்கு முன் நகலெடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கோடு நீளவாக்கிலா குறுக்குவாக்கிலா என்று பார்த்த பிறகே எந்திரத்தில் கை வையுங்கள்.