தபால்தலை அளவுத் தோலிலிருந்து உடல் முழுக்கத் தோல் வளர்க்க முடியுமா?

ஏறக்குறைய முடியும்! 2015-இல் ஜெர்மனியில், மரபணுக் கோளாறால் மேல்தோல் உரிந்து உயிருக்குப் போராடிய 7 வயதுச் சிறுவன் அப்படித்தான் பிழைத்தான்.

எப்படி? நாற்றங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். சிறு இடத்தில் வளர்த்த நாற்று வயல் முழுக்கப் போகிறதல்லவா? புண்ணில்லாத இடத்தில் 4 சதுர செ.மீ. தோல் எடுத்தார்கள். இத்தாலியில் ஆராய்ச்சியாளர் மிக்கேலே டி லூக்காவின் குழு அதன் செல்களில் சரியான மரபணுவைச் சேர்த்து, தாள் தாளாக வளர்த்தது. அந்தத் தாள்களைச் சிறுவனின் உடலில் ஒட்டினார்கள். உடலில் சுமார் 80 சதவீதம் புதுத்தோல்!

மேல்தோல்தான் மாதாமாதம் உதிருமே, இந்தப் புதுத்தோல் ஏன் தீரவில்லை? ஒட்டிய செல்களில் பெரும்பாலானவை சில மாதங்களில் மறைந்தன. தங்கியவை கொஞ்சம் ஸ்டெம் செல்கள். அவை தம்மையும் புதுப்பித்துக்கொண்டு, மேலே புதுச் செல்களை அனுப்பியபடியே இருக்கின்றன.

‘ஸ்டெம் செல்’ என்று பெயர் போட்ட அழகுக் கிரீம்கள் இதைச் செய்யாது. புண்ணுக்கு அவற்றை நம்பாதீர்கள்.